பால் பல்லை எடுத்து வைக்கலாமா என்று அக்கா கேட்டாள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் பெரியம்மா மகள் போன் செய்தாள். தென்காசிப் பக்கம் இருக்கிறாள். அவள் மகனுக்கு ஏழு வயது. டூஷேன் தசைச் சிதைவு நோய் என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் தெரியவந்தது. வழக்கமாக ஸ்டீராய்டு அளவு, பிசியோதெரபி, பள்ளிக்கூடத்து மாடிப்படி என்றுதான் எங்கள் பேச்சு போகும். அன்றைக்குப் பேச்சு பல்லைப் பற்றி.

“தம்பி, இவனுக்கு மேல் முன்பல்லு ஆடுது. விழுந்தா தூரப் போட்டுராதீங்க, அதுக்குள்ள ஸ்டெம் செல் இருக்கு, எடுத்து வச்சா பின்னால அதுல இருந்து தசையே வளர்க்கலாம்னு ஒருத்தங்க வந்து சொல்லுதாங்க. 60,000 ரூபா கேக்காங்க. நீ இந்த வேலைதான பாக்க? வச்சிரவா?”

கழுத்துச் சங்கிலியை அடகு வைக்க மனதுக்குள் முடிவு செய்துவிட்டுத்தான் கேட்கிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது. “ராத்திரி பேசுறேன்க்கா” என்று சொல்லி வைத்துவிட்டேன். ஏனென்றால் அவள் கேட்டது முழுப்பொய் இல்லை. பாதிக்கு மேல் உண்மை, அதுவும் நான் நான்கு வருடமாகக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிற உண்மை. இல்லாத பாதியை எங்கே இருந்து சொல்லத் தொடங்குவது என்று யோசிக்க எனக்கு நேரம் தேவைப்பட்டது. அன்று இரவு ஒன்றரை மணி நேரம் பேசினோம். அவளுக்குச் சொன்னதையும், அவளிடம் சொல்ல வராமல் போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு வேறு பெற்றோர்களும் இருப்பார்கள்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் ஈறுத் திசுவில் இருந்து ஸ்டெம் செல்லைப் பிரித்து வளர்க்கிறேன். ஞானப்பல் பிடுங்கும்போது அதைச் சுற்றி உள்ள ஈறைக் கொஞ்சம் நறுக்க வேண்டி வரும். குப்பைக்குப் போகிற அந்தத் துணுக்கை, நோயாளி ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டால், ஐஸ் பெட்டியில் வைத்து மாடிக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். ஓர் அரிசி அளவு இருக்கும், சில நாள் உளுந்து அளவு. வாய் என்பது பாக்டீரியாக்களின் ஊர். அதனால் அந்தத் துணுக்கை ஆன்டிபயாட்டிக் கலந்த உப்புக் கரைசலில் மூன்று நான்கு தடவை அலச வேண்டும். மேல் தோல் அடுக்கை உரிக்க ஓர் இரவு என்சைமில் ஊற வைக்க வேண்டும். மறுநாள் காலை இரண்டு ஊசிமுனைச் சாமணத்தால் பிடித்து இழுத்தால் வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய ஒரு ஏடு தனியாக வந்துவிடும். அதற்கு அடியில் இருக்கிற வெளுத்த நார்த் திசுதான் நமக்கு வேண்டியது.

அதை ஒரு மில்லிமீட்டர் துண்டுகளாக அரிந்து, பிளாஸ்டிக் தட்டின் அடியில் ஒவ்வொன்றாக வைத்து, அவை ஒட்டிக்கொள்ளும் வரை பொறுமையாக இருக்க வேண்டும். அவசரப்பட்டு மீடியத்தை, அதாவது செல்களுக்குச் சத்துக் கொடுக்கும் திரவத்தை, ஊற்றினால் துண்டுகள் மிதந்துவிடும். மிதக்கும் துண்டில் இருந்து எதுவும் வராது. ஒட்டிவிட்டால், ஆறாம் நாளோ ஏழாம் நாளோ மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்க்கும்போது துண்டின் விளிம்பில் இருந்து நூல்கண்டு பிரிந்த மாதிரி ஒன்றிரண்டு செல்கள் நீளநீளமாக வெளியே ஊர்ந்து வந்திருக்கும். மறுநாள் பத்து. அதற்கு அடுத்த வாரம் எண்ண முடியாது. நெசவுக் கதிர் போல நடுவில் பருத்து இரு முனையும் கூர்ந்து, எல்லாம் ஒரே திசையில் சாய்ந்து, ஆற்றோட்டத்தில் மீன் கூட்டம் நிற்கிற மாதிரி இருக்கும். ரோஜா நிறத்தில் இருந்த மீடியம், செல்கள் சாப்பிட்டுச் சாப்பிட்டு ஆரஞ்சுக்கு மாறும். மாற்றி ஊற்ற வேண்டும், ஞாயிறு, தீபாவளி எதுவும் கிடையாது. முதல் வருடம் ஒரு தடவை, மூன்று வாரம் வளர்த்த ஆறு தட்டுகளும் ஒரே இரவில் மஞ்சளாகிக் கலங்கிப்போயின. வாயில் இருந்து கூடவே வந்த பூஞ்சை. அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை.

இந்தச் செல்களைத்தான் ஸ்டெம் செல் என்கிறோம். சரியாகச் சொன்னால் மெசன்கைமல் ஸ்டெம் செல். தகுந்த சூழல் கொடுத்தால் எலும்பாகவோ கொழுப்பாகவோ குருத்தெலும்பாகவோ போகத் தெரிந்தவை. வாய்க்குள் இப்படிப்பட்ட செல்கள் பல இடத்தில் இருக்கின்றன. 2000-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் குரோந்தோஸ், ஷி குழுவினர் ஞானப்பல்லின் கூழில், அதாவது பல்லுக்குள் இருக்கும் மென்மையான திசுவில், இதைக் கண்டார்கள். 2003-ல் அதே குழு, விழுந்த பால் பல்லின் உள்ளே எஞ்சி இருக்கும் சிவப்புத் திசுவிலும் இருக்கிறது என்று எழுதியது. குழந்தைப் பல் மருத்துவரான சோங்தாவ் ஷிக்குத் தன் ஆறு வயது மகளின் விழுந்த பல்லைப் பார்த்துத்தான் அந்த யோசனையே வந்தது. ஒரு பல்லில் கிடைத்தவை 12 முதல் 20 செல்கள். 2004-ல் பல்லை எலும்போடு கட்டி வைத்திருக்கும் நாரில், 2009-ல் ஈறில். ஆக, அக்காவிடம் வந்தவர்கள் “பல்லுக்குள் ஸ்டெம் செல் இருக்கிறது” என்று சொன்னது நிஜம்.

அடுத்து, அதில் இருந்து தசை வளர்க்க முடியுமா?

இங்கேதான் எனக்கு இந்த வேலை மேல் பிரியம் வந்தது, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். கை கால் தசை ஒன்றை எடுத்துக்கொண்டால் அதன் ஒவ்வொரு இழையும் பல செல்கள் ஒன்றோடு ஒன்று கலந்து உருவான ஒரே நீண்ட குழாய். ஒரு குழாய்க்குள் நூற்றுக்கணக்கில் உட்கருக்கள் இருக்கும். குழந்தை கருவில் இருக்கும்போது தனித்தனிச் சிறு செல்கள் வரிசையாக வந்து, சுவரை இடித்து ஒரே வீடாக்குவது போல ஒன்றுசேர்கின்றன. பிறந்த பிறகும் அந்த இழைகளின் ஓரத்தில், உறைக்கு அடியில், சில செல்கள் தூங்கிக்கொண்டே இருக்கும். 1961-ல் அலெக்சாண்டர் மௌரோ தவளைத் தசையை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து அவற்றுக்கு சாட்டிலைட் செல் என்று பெயர் வைத்தார். தசை கிழிந்தால் அவைதான் எழுந்து வந்து தைக்கும்.

ஈறுச் செல்லுக்கும் பல் கூழ்ச் செல்லுக்கும் இந்தக் குடும்பத்தோடு பிறப்பு உறவே கிடையாது. உடம்பின் தசைகள் கருவில் முதுகெலும்பின் இரு பக்கமும் அடுக்கடுக்காக இருக்கும் சோமைட் கட்டிகளில் இருந்து வருகின்றன. வாயின் இந்தச் செல்களில் பெரும்பகுதி, மூளைக் குழாய் மூடிக்கொள்ளும் விளிம்பில் இருந்து புறப்பட்டு முகத்துக்கு இடம்பெயர்ந்து வந்த நியூரல் கிரெஸ்ட் செல்களின் வாரிசுகள். வேறு ஊர், வேறு வழி. ஆனாலும் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் முழு டி.என்.ஏ. இருக்கிறதே, தசைக்கான பக்கங்களும் அதில்தான் இருக்கின்றன, ஒட்டி மூடி வைக்கப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான். அந்த ஒட்டைப் பிரிக்கலாம் என்பது 1977-லேயே தெரிந்துவிட்டது. கான்ஸ்டன்டினிடஸ், ஜோன்ஸ், கெவர்ஸ் மூவரும் தசைக்குச் சம்பந்தமில்லாத எலிச் செல்களில் 5-அசாசைட்டிடின் என்ற மருந்தைப் போட்டபோது, தட்டில் சுருங்கி விரியும் தசைச் செல்கள் வந்தன. டி.என்.ஏ. மேல் பூட்டு மாதிரி உட்கார்ந்திருக்கும் மீத்தைல் குறிகளை அந்த மருந்து நீக்குகிறது. பத்து வருடம் கழித்து, 1987-ல், அமெரிக்காவில் ஹெரால்டு வைன்ட்ராப் குழுவினர் அந்தப் பூட்டுகளுக்குப் பின்னால் இருந்த முக்கியமான ஒரு சுவிட்சைக் கண்டுபிடித்தார்கள். மயோ-டி என்ற மரபணு. சாதாரண நார்ச் செல்லுக்குள் அதை மட்டும் போட்டாலே தசையாக மாறத் தொடங்கும். இதை முதன்முதலாகப் படித்தபோது விடுதி மொட்டை மாடியில் தனியாக நடந்துகொண்டே இருந்தேன், தூக்கம் வரவில்லை.

ஆக, செய்முறை இதுதான். ஈறுச் செல்லைப் பெருக்கு, 5-அசாசைட்டிடினை ஒரு நாள் காட்டி எடுத்துவிடு, பிறகு மீடியத்தில் சத்துக்காகச் சேர்க்கும் சீரத்தை (ரத்தத்தில் இருந்து பிரித்த தெளிந்த நீர்) குறைத்து, பெரும்பாலும் 2 சதவீதம் குதிரைச் சீரம், பட்டினிக்குப் பக்கத்தில் வைத்திரு. பெருகுவதை நிறுத்திவிட்டு ஒன்றுசேர ஆரம்பிக்கட்டும். தட்டின் மென்மையும் சேரும். 2006-ல் பென்சில்வேனியாவில் எங்லர், டிஷர் குழுவினர் காட்டினார்கள், ஒரே மாதிரி ஸ்டெம் செல்லை மூளை அளவு மென்மையான ஜெல்லில் வைத்தால் நரம்பு மாதிரியும், தசை அளவு இறுக்கத்தில் வைத்தால் தசை மாதிரியும், இன்னும் கெட்டியாக வைத்தால் எலும்பு மாதிரியும் சாய்கிறது என்று. 2016-ல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு குழு இதைக் கையில் எடுத்து, கடற்பாசியில் கிடைக்கும் ஆல்ஜினேட் ஜெல்லில் ஈறு ஸ்டெம் செல்களையும், செல்லை வளரத் தூண்டும் வளர்ச்சிக் காரணிகளையும் சேர்த்துப் பொதித்து, தசைக்குரிய மரபணுக்கள் விழிப்பதைக் காட்டியது. ஈறு ஏன் என்றால், எடுத்த இடம் சில நாளிலேயே தழும்பு தெரியாமல் மூடிவிடும். தொடையில் கத்தி வைத்துத் தசைத் துண்டு எடுப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் கொஞ்சமில்லை.

என் தட்டிலும் இது நடந்தது. இரண்டாம் வருடம் மழைக்காலத்தில், பதினான்காம் நாள், டெஸ்மின் என்ற தசைப் புரதத்துக்குப் பச்சை நிறம் கொடுத்துவிட்டு இருட்டறையில் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். கறுப்புப் பின்னணியில் நீளமாகப் பச்சைக் கோடுகள். ஒரு கோட்டுக்குள் நீல நிறத்தில் மூன்று உட்கருக்கள் பாசிமணி கோத்த மாதிரி. என்னோடு வேலை பார்க்கும் தங்கச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவள் நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. அப்புறம் மருந்தே போடாத கட்டுப்பாட்டுத் தட்டை எடுத்து வைத்துப் பார்த்தோம். அதிலும் அங்கங்கே நாலைந்து செல்கள் பச்சை காட்டின. ரத்தக் குழாய் ஓரத்துச் செல்கள் சிலவும் டெஸ்மின் வைத்திருக்கும். ஆகவே பச்சை தெரிந்தாலே தசை என்று ஆகிவிடாது. தசைக்கு உரிய மற்றப் புரதங்களான மயோஜெனின் வந்ததா, மயோசின் வந்ததா, வரிவரியாகக் கோடு விழுந்ததா, மின்சாரம் கொடுத்தால் துடிக்கிறதா என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். நான் மூன்றாம் படியில் நிற்கிறேன். வாய்த் திசுவில் இருந்து தசை என்று வரும் கட்டுரைகளை எடுத்தால் நான் முதலில் தேடுவது அந்தக் கடைசிப் படியைத்தான், துடித்ததா என்று. பெரும்பாலும் மரபணு விழித்ததோடு கதை நின்றிருக்கும். 2015-ல் டியூக் பல்கலைக்கழகத்தில் நெனாட் புர்சாக் குழுவினர் மனிதத் தசையை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து உண்மையாகவே சுருங்க வைத்தார்கள். ஆனால் அவர்கள் தொடங்கியது தசையில் இருந்தே எடுத்த செல்களோடு.

இதையெல்லாம் அக்காவிடம் நான் இந்த அளவுக்குச் சொல்லவில்லை. அவளிடம் சொன்னது, “ஆமாக்கா, தட்டுல தசை மாதிரி வருது, நானே பாத்திருக்கேன்.” அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. அவள் நிம்மதி அடைகிறாள் என்று தெரிந்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, ஏனென்றால் அடுத்து வருவதை நான்தான் சொல்ல வேண்டும்.

டூஷேன் நோயில் என்ன கெட்டுப்போயிருக்கிறது? டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் தசை இழையின் உள் சட்டத்தையும் வெளி உறையையும் பிணைத்து வைத்திருக்கிறது. அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, 79 எக்ஸான் (புரதத்துக்கான குறிப்பு எழுதப்பட்ட துண்டுகள்), மனிதனின் மிகப் பெரிய மரபணு. அதில் நடுவே சில எக்ஸான்கள் காணாமல் போய் எழுத்து வரிசை பிசகினால் அதற்குப் பின்னால் வரும் எழுத்தெல்லாம் பொருளிழந்து புரதமே உருவாகாது. பிணைப்பு இல்லாத இழை, ஒவ்வொரு தடவை சுருங்கும்போதும் கிழியும். சாட்டிலைட் செல்கள் தைத்துத் தைத்துப் பார்த்துவிட்டு ஒரு கட்டத்தில் முடியாமல் போக, அந்த இடத்தில் கொழுப்பும் நாரும் ஏறும். அக்கா மகனின் கெண்டைக்கால் பருத்து, பார்க்க ஓட்டப்பந்தய வீரன் கால் மாதிரி இருக்கும். தரையில் இருந்து எழும்போது முழங்காலில் கையூன்றி, தொடையில் கையூன்றி, தன் உடம்பின் மேலேயே ஏறி எழுவான். அவனுடைய பரிசோதனை அறிக்கையில் எக்ஸான் 45 முதல் 50 வரை இல்லை.

அந்த அறிக்கையைத்தான் அன்று இரவு அவளை எடுத்து வரச் சொன்னேன். “இந்த 45-ல இருந்து 50 வரைக்கும் இல்லைன்னு போட்டிருக்கே, அது ரத்தத்துல மட்டும் இல்லக்கா. அவன் உடம்புல இருக்கிற ஒவ்வொரு செல்லுலயும் அப்படித்தான். பல்லுக்குள்ள இருக்கிற செல்லுலயும் அதே எடம் காலிதான். அந்தச் செல்லை எடுத்து நான் எவ்வளவு நல்லா தசையா வளர்த்தாலும், அது டூஷேன் தசையாத்தான் வளரும்.”

ரொம்ப நேரம் சத்தமே இல்லை. டி.வி. ஓடுவது மட்டும் கேட்டது.

60,000 ரூபாய் கேட்டவர்கள் சொல்லாமல் விட்டது இந்த ஒரு வரியைத்தான். தெரியாமல் விட்டார்களா தெரிந்தே விட்டார்களா என்பதற்குள் நான் போகவில்லை. ஆனால் மரபணுக் கோளாறு உள்ள ஒரு குழந்தையின் தாயிடம் போய், அந்தக் குழந்தையின் செல்லையே அந்தக் குழந்தைக்கு மருந்தாக விற்பதென்றால், முதல் வாக்கியமாக இதைச் சொல்லியிருக்க வேண்டும். கோபம் வருகிறது. எழுதும்போதும் வருகிறது.

“அப்போ வேற பிள்ளையோட பல்லுல இருந்து எடுத்தா?” என்று கேட்டாள். அவள் கெட்டிக்காரி, பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். இதே கேள்வியைத்தான் பிரேசிலில் சாவோ பாவ்லோவில் கேட்டுப் பார்த்தார்கள். கோல்டன் ரெட்ரீவர் நாய்களில் டூஷேன் மாதிரியே ஒரு நோய் இயற்கையாக வரும். 2008-ல் கெர்கிஸ் குழுவினர் மனிதக் குழந்தைகளின் பால் பல் கூழில் இருந்து வளர்த்த செல்களை அந்த நாய்க் குட்டிகளுக்குச் செலுத்தினார்கள். செல்கள் தசைக்குள் போய்ச் சேர்ந்தன. ஆனால் மனித டிஸ்ட்ரோஃபின் வந்தது ஒரு சில இழைகளில் மட்டும். மாதாமாதம் ரத்த நாளம் வழியாகப் பெற்ற நாய் 25 மாத வயதிலும் ஓரளவு நன்றாக இருந்தது. 2015-ல் இத்தாலியின் மோடெனாவில் பல் கூழ்ச் செல்களை நோயுள்ள எலிகளுக்குக் கொடுத்தபோது புதிய ரத்த நாளங்கள் வந்தன, நார்க் கட்டு குறைந்தது. என் வாசிப்பில், இந்தச் செல்கள் தாமே தசையாக மாறுவதைவிட, பக்கத்தில் இருந்துகொண்டு சுரக்கும் பொருட்களால் காயம்பட்ட தசைக்கு ஒத்தாசை செய்வதுதான் அதிகம். அது சின்ன விஷயம் கிடையாது. ஆனால் ‘தசை வளர்ப்பது’ என்று அதற்குப் பெயர் வைக்க முடியாது.

சரி, முழுமையான தசைச் செல்லையே கொடுத்தால்? அதையும் செய்து பார்த்தார்கள். 1995-ல் வந்த மென்டெல் குழுவின் ஆய்வை நான் வருடத்துக்கு ஒரு தடவையாவது எடுத்துப் படிப்பேன். டூஷேன் உள்ள 12 பையன்கள். அவர்களுடைய அப்பாக்களும் அண்ணன் தம்பிகளும் தங்கள் தசையைக் கொடுத்தார்கள். அதில் இருந்து செல்களை வளர்த்து, ஒரு கையின் புஜத் தசையில் மட்டும், ஒவ்வொரு தடவையும் 11 கோடி செல்கள், மாதம் ஒரு தடவை, ஆறு மாதம் செலுத்தினார்கள். கடைசியில் அந்தக் கைக்கும் மறு கைக்கும் பலத்தில் வித்தியாசம் இல்லை. செலுத்தியவற்றில் பெரும்பாலான செல்கள் சில நாளிலேயே செத்துவிடுகின்றன, பிழைத்தவை ஊசி போட்ட இடத்தை விட்டு நகர்வதில்லை, உடம்பும் அவற்றை அந்நியமாகப் பார்க்கிறது. என் பிளாஸ்க் ஒன்றில் நிரம்ப வளர்ந்தால் 20 லட்சம் செல்கள் தேறும். 11 கோடிக்கு ஐம்பது பிளாஸ்குக்கு மேல் வேண்டும். அது ஒரு புஜத்துக்கு, ஒரு மாதத்துக்கு. உடம்பில் 600-க்கும் மேல் தசைகள் இருக்கின்றன. மூச்சு விடும் உதரவிதானம் இருக்கிறது, இதயம் இருக்கிறது. பன்னிரண்டு அப்பாக்களும் அண்ணன்களும் தசையை வெட்டிக் கொடுத்துவிட்டு என்ன நினைத்துக் காத்திருந்திருப்பார்கள் என்று யோசித்தால் எனக்கு மேற்கொண்டு படிக்க முடியாமல் போகும்.

அப்படியானால் நான் எதற்கு இந்த வேலையைச் செய்கிறேன் என்று அக்கா கேட்கவில்லை. கேட்டிருந்தால் கீழ்த்தளத்து வார்டில் பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்லியிருப்பேன். ஐம்பது வயது இருக்கும், லாரி டிரைவர், புகையிலை. நாக்கில் புற்று, பாதி நாக்கை எடுத்துவிட்டு முன்கைத் தோலைக் கொண்டுபோய் அங்கே வைத்துத் தைத்திருந்தார்கள். தையல் அருமையாகப் பிடித்திருந்தது. ஆனால் வைத்த தோல் இடத்தை நிரப்பும், மூடும், அசையாது. அவருக்கு ழகரமும் வரவில்லை, ளகரமும் வரவில்லை, ரகரமும் வரவில்லை. தமிழில் இவ்வளவு எழுத்துகளுக்கு நாக்கு நுனி மடங்கி எழ வேண்டியிருக்கிறது என்பதே அவர் பேசும்போதுதான் உறைத்தது. “வாழைப்பழம்” என்று கேட்க முடியாமல் கையைக் காட்டுகிறார். சோற்றுப் பருக்கையைக் கடைவாய்க்குத் தள்ள வாய்க்குள் விரலை விட வேண்டியிருக்கிறது.

அவருடைய தசை மரபணுவில் பழுது ஏதும் இல்லை. இழந்தது ஒரே இடத்தில், அளவும் சின்னது. வாயில் இருந்து எடுத்து வாய்க்கே கொடுக்கலாம், தொடையை அறுக்க வேண்டாம். விபத்தில் தசை பெருமளவு பிய்ந்துபோனவர்களுக்கும் இதே கணக்கு பொருந்தும். வாய்த் திசுவில் இருந்து தசை என்ற இந்த வேலை முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் இதுதான் என்று நான் நம்புகிறேன். அதற்கும் தடைகள் இருக்கின்றன. புற்று இருந்த இடத்தில் வளர்ச்சிக் காரணிகளைக் கொண்டுபோய் வைப்பது ஆபத்தா என்று முதலில் பார்க்க வேண்டும். ரத்தக் குழாயில் இருந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் இரண்டு பங்குக்கு அப்பால் இருக்கும் செல்லுக்கு ஆக்சிஜன் போய்ச் சேராது, ஆகவே தசையோடு குழாயையும் வளர்க்க வேண்டும். நரம்பு வந்து தொடாத தசை சும்மா கிடந்து மெலிந்துவிடும். ஒவ்வொன்றும் ஒரு ஆயுட்கால வேலை.

வாயில் இருந்து எடுத்த செல் வேறு உறுப்புக்கு மருந்தான கதை ஏற்கெனவே இருக்கிறது. 2004-ல் ஒசாகாவில் நிஷிதா குழுவினர் நோயாளியின் கன்ன உட்தோலில் இருந்து ஓர் ஏடு வளர்த்து, பார்வை போன கருவிழியில் ஒட்டினார்கள். 2021-ல் ஜப்பான் அதை முறையான சிகிச்சையாக அனுமதித்தது. முதல் ஆய்வில் இருந்து அனுமதி வரை 17 வருடம், அதுவும் தோல் ஏட்டுக்கு. 2018-ல் சீனாவில், அடிபட்டு உயிரோட்டம் இழந்த முன்பல் உள்ள குழந்தைகளுக்கு அவர்களுடைய பால் பல் கூழ்ச் செல்லையே வளர்த்து உள்ளே வைத்து, அந்தப் பல்லுக்குள் ரத்த ஓட்டத்தையும் உணர்ச்சியையும் மீட்டிருக்கிறார்கள். பல் செல்லுக்குப் பல்லின் வேலை தெரியும், அதனால் அங்கே சீக்கிரம் பலித்தது.

பல்லை எடுத்து வைக்கும் ஸ்டெம் செல் பேங்க் விஷயத்துக்கு வருகிறேன். 2017-ல் ஐ.சி.எம்.ஆரும் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் வெளியிட்ட தேசிய வழிகாட்டு நெறிகளில் தொப்புள்கொடி ரத்தம் தவிர மற்றவற்றை, பல்லில் இருந்து எடுப்பது உட்பட, வணிக ரீதியாகச் சேமித்து வைக்க அனுமதி இல்லை என்று இருக்கிறது. ரத்தப் புற்று மாதிரியான நோய்களுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவை போக, ஸ்டெம் செல்லை ஆய்வுக்கு வெளியே காசு வாங்கிக்கொண்டு சிகிச்சையாகக் கொடுப்பதையும் அது ஏற்கவில்லை. முறையான மருத்துவ ஆய்வில் சேர்பவரிடம் பணம் கேட்கக் கூடாது. யாராவது பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். அந்த 60,000 ரூபாய்க்கு எத்தனை மாத பிசியோதெரபி, இரவில் காலுக்குப் போடும் ஸ்ப்ளின்ட், வருடா வருடம் இதயத்துக்கு எக்கோ, எல்லாம் வரும். கோயம்புத்தூரில் இந்த நோய்க்கென்றே எம்.டி.சி.ஆர்.சி. என்ற மையம் இருக்கிறது, மரபணுப் பரிசோதனையும் ஆலோசனையும் அங்கே கிடைக்கும். பெற்றோர்கள் முதலில் போக வேண்டிய இடங்கள் அந்த மாதிரி இடங்கள்தான்.

கடைசியில் அக்கா கேட்டாள், “அப்போ அவன் பல்லு எதுக்குமே ஆகாதா?”

ஆகும் என்றேன். சமாதானத்துக்குச் சொல்லவில்லை. இன்றைக்கு ஈறுச் செல்லையும் பல் கூழ்ச் செல்லையும் பின்னோக்கித் திருப்பி, கரு நிலைச் செல் போல ஆக்கிவிட முடிகிறது. 2010-லேயே ஜப்பானில் இரண்டையும் செய்தார்கள். அங்கிருந்து தசையாக்கினால், டூஷேன் தசை எப்படிக் கிழிகிறது, எந்த மருந்து அதைத் தாமதப்படுத்துகிறது என்று தட்டிலேயே பார்க்கலாம், பையனைத் தொடவே வேண்டாம். பிரேசிலில் ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் விழுந்த பல்லைப் பெற்றோர்களிடம் கேட்டு வாங்கி அப்படித்தான் ஆராய்கிறார்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, பணம் வாங்காமல், ஒப்புதல் படிவம் கொடுத்துக் கேட்கிறவர்கள் யாராவது வந்தால் அடுத்த பல்லைக் கொடு என்று சொன்னேன். “அவனுக்கு உதவாதுல்ல?” என்றாள். அவனுக்கு உதவாது, அவனை மாதிரி இனி பிறக்கிற பிள்ளைகளுக்கு உதவலாம் என்றேன். “சரி, குடுப்போம்” என்றாள், ஒரு நொடி கூட யோசிக்காமல்.

பல் போன வாரம் விழுந்தது. பெரியம்மா சாணியில் உருட்டிக் கொடுக்க, பழைய வழக்கப்படி ஓட்டுக் கூரை மேல் எறிந்தானாம். எந்தக் கையால் எறிந்தான், கை தோளுக்கு மேலே போனதா என்று கேட்டேன். வலது கை, காதுக்கு மேலே போனது என்றாள்.